பிரேக் டிஸ்க் மாற்றியும் லீவர் துடிக்கிறது: உங்களுக்கு நடந்ததுண்டா?

இரவுவண்டி:
நாலு மாதம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. நெடும்பயணத்துக்கான டூரிங் பைக், முன்னால் இரட்டை டிஸ்க், ஓட்டம் 46,000 கி.மீ. பின்சீட்டில் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டி. மலை இறக்கத்தில் பிரேக் பிடித்தால் லீவர் விரலில் நாடிபோல் துடித்தது. "டிஸ்க் வளைஞ்சிடுச்சு, மாத்திடுங்க" என்றார் மெக்கானிக். நானும் எதையும் அளந்து பார்க்கவில்லை. நாலு இரவு கண்விழித்துத் தேடி, அலை வடிவ விளிம்புள்ள டிஸ்க் ஒரு ஜோடி வாங்கினேன். எடை குறைவு என்று போட்டிருந்தது. பார்க்கவும் அழகு, ஒத்துக்கொள்கிறேன். டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வுகிற பேடில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததால் பழையதையே விட்டுவிட்டேன்.

அடுத்த பயணத்திலும் அதே மாதிரி நீண்ட இறக்கம். ஒரு குறையும் இல்லை. கீழே வந்தால் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. சரிவில் நின்றதால் லீவரை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தேன். சூட்டில் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட்டது காதில் விழுந்தது. கேட் திறந்து நூறு அடி போயிருப்பேன், பிரேக்கைத் தொட்டேன். மறுபடியும் அதே நாடி. பின்னாலிருந்து குரல்: "புதுசு மாத்தினேன்னு சொன்னீங்களே?"

பழைய டிஸ்க் இரண்டும் பரணில் கிடக்கின்றன. குற்றம் அவற்றுடையதுதானா?

ஒற்றைச்சிலிண்டர்:
நீங்கள் அளக்காமல் ஏமாந்தீர்கள், நான் அளந்து ஏமாந்தேன். தடிமன் அளக்க வெர்னியரை வைத்தேன், 5.0 மி.மீ. குறைந்தபட்சத் தடிமன் 4.5 என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கிறது. அரை மில்லி இருக்கிறதே என்று கிளம்பிவிட்டேன். அப்புறம் ஒரு நாள் டயர் மாற்றும்போது டிஸ்க்கின் ஓரத்தில் விரல் நகம் தட்டியது. பேட் படாத வெளி விளிம்பு தேயாமல் வரப்பு மாதிரி நிற்கிறது. வெர்னியரின் தாடை இரண்டும் அந்த வரப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லியிருக்கின்றன. மைக்ரோமீட்டரை உள்ளே தள்ளி, பேட் ஓடும் இடத்தில் அளந்தால் 4.3. அந்த டிஸ்க்கோடு எத்தனை மலை இறங்கினேன் என்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

சாய்மானம்:
இரவுவண்டி அண்ணா, அலை டிஸ்க் டூரிங்குக்கே ஆகாது. நானும் அழகுக்கு ஆசைப்பட்டுப் போட்டவன்தான். ஒரு இறக்கத்தின் பாதியில் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு மூன்று தடவை பம்ப் அடித்துத்தான் வண்டியை ஓரம் கட்டினேன். கால் நடுங்கியது நிற்க அரை மணி ஆனது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரு தடவை முழுதாக நிறுத்தினால் டிஸ்க்குகள் தின்பது சுமார் 154 கிலோஜூல். 500 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 1,960. அதாவது பன்னிரண்டு முழு நிறுத்தத்துக்கு மேல், நடுவில் ஆற நேரமில்லாமல். எஞ்சினும் காற்றும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மீதி டிஸ்க்குக்குத்தான். அதில் இரும்பு குறைந்தால் சூடு ஏறத்தானே செய்யும்? வட்ட டிஸ்க்குக்கே திரும்பிவிட்டேன்.

ஈரச்சாலை:
எனக்கு நடந்தது வேறு கதை. புது டிஸ்க் வாங்கினேன், விட்டம் 320 மி.மீ., போல்ட் துளை ஐந்து, எல்லாம் அச்சாகப் பொருந்தியது. மாட்டிக் கிளம்பினால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கு அணையவே இல்லை. என் வண்டியில் சக்கர வேகத்துக்காக சென்சார் படிக்கிற பல்வளையம் டிஸ்க்கோடு சேர்ந்தே போல்ட்டில் நிற்கும். புது டிஸ்க்கின் உட்காரும் பகுதி கொஞ்சம் தடிமன், வளையம் சென்சாரைவிட்டு விலகிவிட்டது. அது தெரிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. 200 கி.மீ. தூரம் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டே, முட்டையை மடியில் கட்டியவன் போல ஓட்டினேன். விட்டம் சரியாக இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

பழைய ஸ்பேனர்:
முதலில் என் கதை, சின்னதுதான். பழைய டிஸ்க்கைக் கழற்றும்போது ஆலன் போல்ட்டின் தலை வழுக்கிவிட்டது. கம்பெனியில் போடுகிற திரெட்லாக் பசை அப்படிப் பிடித்திருக்கும். சூடு காட்டி இளக்கியிருக்க வேண்டும், நான் பலத்தைக் காட்டினேன். ஒரே ஒரு போல்ட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று.

சாய்மானம் தம்பி, உங்கள் கணக்கு சரி, தீர்ப்பு தப்பு. லீவர் கைப்பிடி வரை வந்தால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது என்று அர்த்தம். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும், தண்ணீர் இழுத்த பிறகு அந்த வரம்பு 155தான். கடைசியாக ஆயில் மாற்றியது எப்போது என்று சொல்லாமல் டிஸ்க்கின் மேல் பழியைப் போட்டால் எப்படி? எடை குறைந்தால் சீக்கிரம் சூடேறும், மறுக்கவில்லை. ஆனால் வட்ட டிஸ்க்கிலும் அதே ஆயில் ஒரு நாள் கொதிக்கும்.

இரவுவண்டிக்கு: யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். 'டிஸ்க் வளைந்தது' என்று கழற்றிப் போடுவதில் பல டிஸ்க் வளையவே இல்லை. மிதக்கும் டிஸ்க்கில் உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் இணைக்கிற பாபின்கள் இருக்கின்றன அல்லவா, பேட் தூளும் துருவும் சேர்ந்து அவை இறுகிவிடும். வெளிவளையம் பேடுகளுக்கு நடுவே தானாக நகர்ந்து உட்கார வழியில்லை, லீவர் துடிக்கும். பாபினின் துளையில் ஒரு போல்ட்டும் வாஷரும் நட்டும் போட்டுச் சுற்றிப் பாருங்கள், சுற்றினால் உயிர் இருக்கிறது. புதிதில் வந்த துடிப்பு வேறு, அது ரயில்வே கேட் வேலை. கொதிக்கிற டிஸ்க்கில் பேடை அழுத்தி வைத்தால் பேடின் பொருள் அந்த இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பழைய பேட், பழக்காத டிஸ்க் என்றால் கேட்கவே வேண்டாம். இரண்டு முகத்தையும் உப்புத்தாளால் சீராகத் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்து, புது பேட் போடுங்கள். 60லிருந்து 10 வரை மெதுவாக ஒரு பத்துப் பதினைந்து தடவை, முழுதாக நிற்காமல், நடுவில் ஆறவிட்டுப் பிடியுங்கள். மறுபடி கேட்டில் நிற்க நேர்ந்தால் பின் பிரேக்கில் நில்லுங்கள்.

அடுத்து வாங்கும்போது சின்டர்ட் (உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த) பேடுக்கு ஏற்ற ஸ்டீலா என்று பாருங்கள். வார்ப்பிரும்பு நன்றாகக் கடிக்கும், ஆனால் ஒரு ராத்திரி மழையில் விட்டால் காலையில் ஆரஞ்சு நிறம். நெடும்பயணத்துக்கு அந்தச் சள்ளை வேண்டாம். டிஸ்க்கில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அதைப் பாருங்கள். இடது வலதை மாற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சாய்மானம்:
ஆயில் மாற்றி மூன்று வருஷம். அதற்காக டிஸ்க் நிரபராதி ஆகிவிடுமா ஸ்பேனர் அண்ணா?

ஒற்றைச்சிலிண்டர்:
மூன்று வருஷமா! 😄

இரவுவண்டி:
பரணில் ஏறிவிட்டேன். கடன் வாங்கிய மைக்ரோமீட்டரில் வரப்பைத் தாண்டி உள்ளே அளந்தேன், ஆறு இடம். இரண்டு டிஸ்க்கிலும் எங்கேயும் 4.7க்குக் கீழே போகவில்லை. பொறித்திருப்பது 4.5. அப்புறம் ஸ்பேனர் அண்ணா சொன்னபடி போல்ட்டும் நட்டும் போட்டுச் சுற்றினேன். இடது டிஸ்க்கில் பத்து பாபினில் ஏழு கல்லாட்டம் நின்றன. மனைவி வந்து எட்டிப் பார்த்து, "அப்போ இது நல்லாத்தான் இருந்ததா?" என்றாள். இதற்கும் பதில் சொல்லவில்லை.

ஆறு அசைந்துவிட்டன. ஏழாவது மண்ணெண்ணெயில் ஊறுகிறது.