தூக்கிய பிக்கப், அடிக்கடி தேயும் பிரேக் பேட்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

என் பிக்கப்பில் ஒன்றரை வருடமாக முன் பிரேக் பேட் தேய்ந்துகொண்டே இருந்தது. காரணம் இப்போதுதான் பிடிபட்டது. இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு செட் பேட் காசாவது மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

நான் தடிக்காரன்கோணம் பக்கம். பாலமோர், கீரிப்பாறைத் தோட்டங்களில் இருந்து ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் நாகர்கோவிலுக்கு இறக்குவதுதான் வண்டிக்கு வேலை. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் ஹவுசிங் (பின் அச்சின் கூடு) கல்லில் தட்டுகிறது என்று முன்பக்கம் டார்ஷன் பாரை (ஸ்பிரிங் வேலை செய்யும் தண்டு) முறுக்கி, பின்பக்கம் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டு 2 இஞ்ச் தூக்கினேன். 16 இஞ்ச் ரிம்மில் 245/70 டயரை மாற்றி 265/75 போட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு செட் பேட் 40,000 கிலோமீட்டர் வந்தது. தூக்கிய பிறகு 11,000-த்தில் காலி. பெரிய டயர்தான் காரணம் என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. டயரின் உயரம் 75 சென்டிமீட்டரில் இருந்து 80 ஆகிவிட்டது, சுமார் ஏழு சதவீதம். அதே வண்டியை நிறுத்த பிரேக் அந்த அளவுக்குக் கூடுதலாகப் பிடிக்க வேண்டும். ஆனால் ஏழு சதவீதத்துக்காகப் பேட் நாலில் ஒரு பங்கு காலத்தில் தேய்ந்துபோகாது. இந்தக் கணக்கு எனக்கு மூன்றாவது செட் வாங்கும்போதுதான் உறைத்தது.

அதற்குள் சத்தம் வேறு. கீரிப்பாறை இறக்கத்தில் பிரேக்கில் கால் வைத்தாலே கிரீச். ஒரு பட்டறையில் பேட் கம்பெனியை மாற்றச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவினார்கள், ஒரு மாதம் அமைதி, மறுபடி அதே கிரீச். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். சீவியதில் என் டிஸ்க் அந்த அளவை ஒட்டி வந்துவிட்டது. சீவக் கொடுப்பதற்கு முன்னால் அந்த எண்ணைப் பாருங்கள்.

கடைசியில் அழகியபாண்டியபுரத்தில் ஒரு பழைய மெக்கானிக்கைப் பார்த்தேன். வயது எழுபது இருக்கும். வண்டியைத் தொடவே இல்லை. கூட ஏறி மேலே வந்து, லோடோடு கீழே இறங்கியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னார். முன் சக்கரத்துப் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனார், அரையடி தூரத்திலேயே இழுத்துக்கொண்டார். அப்புறம் பின்னால் போய் டிரம்மின் மேல் உள்ளங்கையை அப்படியே வைத்தார். வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

"மக்களே, இது சும்மா உருண்டுகிட்டு வருது. வண்டியத் தூக்கினப்ப இந்தக் கம்பிய யாராவது பாத்தாங்களா?"

சேஸிஸில் ஒரு வால்வு, அதிலிருந்து ஹவுசிங்குக்கு ஒரு மெல்லிய கம்பி. லோடு ஏறினால் சேஸிஸ் தாழும், கம்பி வால்வைத் திறக்கும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலி வண்டியில் சேஸிஸ் உயர்ந்து நிற்கும், அழுத்தம் குறையும். காலியாக ஓடும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நான் 2 இஞ்ச் தூக்கியதும், ஒரு டன் ஏற்றினாலும் வண்டி காலி என்றே அந்த வால்வு எடுத்துக்கொண்டது. மொத்தப் பாரத்தையும் முன் டிஸ்க் இரண்டுமே பிடித்திருக்கின்றன. சூட்டில் பேட் இறுகிப் பளபளத்து, அதிலிருந்துதான் அந்தக் கிரீச். பின் டிரம்மில் உரசும் லைனரைக் கழற்றினால் புதுசு மாதிரி தடிமன், மேலே கண்ணாடிப் பளபளப்பு.

ஹவுசிங் பக்கம் 2 இஞ்ச் உயரத்தில் ஒரு பிராக்கெட் செய்து கம்பியைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவந்தார். பின் பிரேக் ஹோஸும் விறைத்து நின்றது. நீளமானது மாற்றி, பிரேக் ஆயில் லைனில் புகுந்த ஏரை வெளியே எடுத்தார். கம்பியை ஒரேயடியாக மேலே கட்டிவிடலாமே என்று கேட்டேன். கோபமாகிவிட்டார். மழையில் காலி வண்டி குறுக்கே திரும்பும் என்றார். அதன் பிறகு 9,000 கிலோமீட்டர், பேட் பாதிக்கு மேல் இருக்கிறது. மின்னணு முறையில் பிரேக்கைப் பங்கிடும் புது வண்டிகள் பலவற்றில் இந்த வால்வு இருக்காது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று முதலில் கீழே குனிந்து பாருங்கள்.

குளச்சலில் இருந்து:
எனக்கு நடந்தது வேறு. மீன் பெட்டி ஏற்றும் வண்டி, ஐஸ் தண்ணீரும் உப்புக்காற்றும் ஓயாது. ஒரே சக்கரத்தில் உள்பேட் தகடு வரை போயிருந்தது, வெளிப்பேட் பாதி இருந்தது. அப்படித் தேய்ந்தால், பெரும்பாலும் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர்வதற்கான ஸ்லைடு பின் (pin) துருப்பிடித்து இறுகிவிட்டது என்று அர்த்தம். பேட் மட்டும் மாற்றினால் மறுபடி அதேதான். பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் அதை மூடியிருக்கும் ரப்பர் உறை ஊதிவிடும்.

குலசேகரத்தில் இருந்து:
பிரேக் போடாமலே கரகர சத்தம் வந்தால் டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகட்டைப் பாருங்கள். பேச்சிப்பாறை ரோட்டில் எனக்கு ஒரு சின்னக் கல் அங்கே மாட்டி மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்தது. இன்னொன்று, அண்ணா, ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும்.

தடிக்காரன்கோணத்தில் இருந்து:
குளச்சல்காரர் சொன்னதைப் படித்துவிட்டு நேற்றே கழற்றிப் பார்த்தேன். இடது பக்கம் கீழே உள்ள ஸ்லைடு பின் கையால் அசையவில்லை, சுத்தியல் வேண்டியிருந்தது. மிக்க நன்றி. சட்டம் பற்றிச் சொன்னதும் சரிதான் தம்பி. பழைய அளவு டயருக்கே திரும்பிவிட்டேன், இந்த மழை முடிந்ததும் பட்டையையும் எடுக்கிறேன். எடுக்கும் அன்றே அந்த பிராக்கெட்டையும் கழற்ற வேண்டும். மறந்தால் காலி வண்டியை லோடு வண்டி என்று வால்வு எடுத்துக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டிவிடும். டேஷ்போர்டில் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.