நேரில் வராமல் பாடத்தைப் பார்வையிட முடியுமா?

பட்டர்வொர்த்_டீச்சர்:
பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் எனக்குப் பிராக்டிகும் (ஆசிரியர் பயிற்சி) நடக்கிறது. அடுத்த வாரம் ஒரு பாடத்தை மட்டும் விரிவுரைஞர் கூகுள் மீட்டில் பார்க்கப் போகிறார். கைப்பேசியை வகுப்பின் பின்னால் நிறுத்தி வைக்க வேண்டுமாம். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதிதான். யாராவது பின்னால் உட்கார்ந்து குறிப்பெழுதினால் வெண்பலகையில் என் கையெழுத்தே கோணிவிடும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பழைய_சாக்பீஸ்:
டீச்சர், நான் ஓய்வுபெற்ற விரிவுரைஞன். கோவிட் காலத்தில் நானும் திரையில்தான் பார்த்தேன். இரண்டாம் ஆண்டு வகுப்பு, ழகரச் சொற்கள். பயிற்சி ஆசிரியை 'பழம்' என்று சொல்லிக் கொடுக்கிறார். பிறகு ஒரே அமைதி. மறுபடி அவர் குரல், மறுபடி அமைதி. 'மாணவர் ஈடுபாடு குறைவு' என்று எழுதிவிட்டேன். மாலையில் வழிகாட்டி ஆசிரியர் அழைத்துச் சிரிக்கிறார். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பில் சன்னலைச் சாத்தினார்களாம்! பிள்ளைகள் சேர்ந்து சொன்னதைச் செயலி இரைச்சல் என்று வடிகட்டிவிட்டது. அப்படியே கேட்டிருந்தாலும் எந்தப் பிள்ளை 'பலம்' என்றது, எது 'பளம்' என்றது என்று அந்த ஒலியில் எப்படிப் பிரிப்பது? தமிழ்ப் பாடத்துக்கு இது ஒத்துவராது.

பாலம்_தாண்டி:
ஐயா, அது செட்டிங்கில் வந்த கோளாறு. இரைச்சல் நீக்கத்தை அணைத்திருக்க வேண்டும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்றே ஒன்று இருக்கிறது. ஒலிவாங்கியையும் பிள்ளைகள் பக்கம் வைக்கலாம். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர்தான், ஆனால் விரிவுரைஞர் காலை நெரிசலில் தீவிலிருந்து அக்கரையில் உள்ள நிபோங் திபால் போய் ஒரு பாடம் பார்த்துத் திரும்பினால் பாதி நாள் போச்சு.

அப்புறம், வீடியோப் பதிவு என்று ஒன்று இருக்கிறதே! என் முதல் பதிவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பாடம் முழுக்க இடது முன்வரிசையை மட்டுமே கேள்வி கேட்டிருக்கிறேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர் சொல்லியிருந்தால் 'இல்லையே சார்' என்று வாதாடியிருப்பேன். 1963-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நுண்கற்பித்தலை, அதாவது சிலருக்கு மட்டும் சிறு பாடம் நடத்திப் பழகும் முறையைத் தொடங்கியவர்களே பாடத்தைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். இது ஒன்றும் புதிதல்ல.

மூன்றாம்_ஆண்டு_அப்பா:
அந்தப் பதிவில் என் மகனும் இருப்பானே? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தெரியுமா?

பாலம்_தாண்டி:
2010-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்கிறீர்கள். அது வணிகப் பரிவர்த்தனைகளுக்கு. கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்கள் கேள்வி சரி. சட்டம் கேட்காவிட்டாலும் பெற்றோரிடம் கேட்பதுதான் முறை. நான் பதிவே செய்யாமல் நேரலையாக மட்டும் காட்டியதும் உண்டு.

பழைய_சாக்பீஸ்:
பதிவு பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. ஆனால் நான் பள்ளிக்குப் போனது பாடத்துக்கு மட்டுமா? முடிந்ததும் கேண்டீனில் தே தாரிக் குடிக்கும்போதுதான் பயிற்சிக்கு வந்த பிள்ளை வாய் திறக்கும்: 'சார், பள்ளியில் யாருமே என்னோடு பேசுவதில்லை.' கூகுள் மீட்டில் நேரம் முடிந்தால் சிவப்புப் பட்டனை அழுத்திவிடுவார்கள்.

பட்டர்வொர்த்_டீச்சர்:
பாடம் முடிந்தது. முந்தின நாளே தோழியைப் பக்கத்து அறையில் கேட்க வைத்து ஒலியைச் சரிபார்த்தேன். 'பழம்' நன்றாகவே கேட்டதாம். ஆனால் பாடத்தின் நடுவில் ஒரு பையன் எழுந்து போய் கைப்பேசிக்கு முன்னால் நின்று 'வணக்கம் ஐயா' என்றான். அப்புறம் வகுப்பே வரிசை கட்டிவிட்டது. 'வகுப்பறைக் கட்டுப்பாடு' பகுதியில் விரிவுரைஞர் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறார். சாக்பீஸ் ஐயா, அதற்கு என்ன அர்த்தம்?