சுவரில் உள்ள குறிப்பைப் படிக்காமல் சமகாலக் கலையைப் பார்க்க முடியுமா?

தேக்காவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொடக்கக் கல்லூரியில் கலைப் பாடம் எடுத்திருக்கும் என் அண்ணன் மகளுக்குத் துணையாக அண்மையில் தேசியக் கலைக்கூடத்திற்கும், பிறகு தஞ்சோங் பகார் டிஸ்டிரிபார்க்கில் இயங்கும் சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகத்திற்கும் சென்று வந்தேன். சுவா மியா டீ 1959இல் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்றேன். மேசையைச் சுற்றி அமர்ந்து மலாய் கற்கும் சாதாரண மக்களின் முகங்களும், கரும்பலகையில் எழுதப்பட்டிருக்கும் கேள்விகளும் எனக்கு வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டன.

சமகாலப் படைப்புகளுக்கு வந்தபோது நிலைமை தலைகீழானது. பொருளைப் பார்ப்பதற்குச் சில விநாடிகளே ஆயின. அதன் அருகே சுவரில் ஒட்டப்பட்டிருந்த குறிப்பைப் படித்து முடிப்பதற்குச் சில நிமிடங்கள் ஆயின. நினைவு, இடப்பெயர்வு, உடல், அதிகாரம் என்று எல்லாக் குறிப்புகளிலும் ஏறக்குறைய அதே சொற்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. மௌரிசியோ கட்டெலான் 2019இல் மியாமியில் சுவரில் ஒட்டுநாடாவால் ஒட்டிய வாழைப்பழம் 2024இல் 6.2 மில்லியன் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனதைப் பற்றி இணையத்தில் எழுந்த கேலியை எல்லாரும் படித்திருப்பீர்கள். நான் கேலி செய்ய வரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கருத்துதான் முதன்மை என்றால், கலைஞர் அதை ஒரு கட்டுரையாக எழுதிவிடலாமே, எதற்காக ஒரு பொருளைச் செய்து கூடத்தில் வைக்கவேண்டும்? நம் ஊர்க் கலைஞர்களின் படைப்புகளைக் கொண்டே விளக்கினால் அண்ணன் மகளுக்கும் உதவியாக இருக்கும்.

---

தொண்டூழிய வழிகாட்டி எழுதியது:

உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் ‘தேசிய மொழி வகுப்பு’ தானாகவே பேசியது என்று நீங்கள் எழுதியிருப்பதை ஏற்கத் தயங்குகிறேன். 1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றதும், மலாய் தேசிய மொழியானதும், பல இன மக்கள் மாலை வகுப்புகளுக்குச் சென்று அதைப் படித்ததும் உங்களுக்கு முன்பே தெரியும். அந்த வரலாறு அறியாத ஒருவர் ஃபின்லாந்திலிருந்து வந்து பார்த்தால், நன்றாக வரையப்பட்ட ஒரு வகுப்பறையைத்தான் பார்ப்பார். குறிப்பு உங்களுக்குள் ஏற்கனவே இருந்தது. ஆகவே சுவரில் தேவைப்படவில்லை.

இனி, கட்டுரையாக எழுதிவிடலாமே என்ற கேள்விக்கு வருகிறேன். தாங் டா வூ 1979இல் அங் மோ கியோவில் செய்த ஒரு படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுமானத்துக்காக மரம் செடிகள் அகற்றப்பட்ட நிலத்தில் மழைநீர் மண்ணை அரித்துப் பள்ளங்களை உண்டாக்கியிருந்தது. அந்தப் பள்ளங்களில் அவர் துணிகளைத் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார். மழை பெய்யப் பெய்யச் சேறு துணியில் ஏறியது. 1980இல் அந்தத் துணிகள் அன்றைய தேசிய அரும்பொருளகக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. நகரம் வளர்வதற்காக நிலம் என்ன விலை கொடுக்கிறது என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத யாராலும் முடியும். ஆனால் அந்தத் துணியில் படிந்த கறை, கருத்தை விளக்குவதற்காகக் கலைஞர் பூசிய வண்ணமாக இருக்கவில்லை. அங் மோ கியோவின் மண்ணே அங்கு வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள் நிற்கின்றன, அந்தப் பள்ளங்கள் இல்லை. எழுத்தால் சாட்சி சொல்ல முடியும், சாட்சிப்பொருளாக ஆக முடியாது.

மறுமுனையில், பொருளே இல்லாத படைப்பும் நம்மிடம் உண்டு. 1972இல், இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சியோ சாய் ஹியாங், சிங்கப்பூர் நவீனக் கலைச் சங்கத்தின் கண்காட்சிக்கு ஓவியத்தை அனுப்பாமல் அஞ்சலில் ஒரு குறிப்பை அனுப்பினார். ஐந்தடிக்கு ஐந்தடி அளவில் ஒரு சதுரத்தை, பாதி சுவரிலும் பாதி தரையிலுமாக அமையும்படி வரையவேண்டும். தலைப்பு ‘சிங்கப்பூர் ஆறு’. சங்கம் அதை ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் ஆற்றையும் படகுகளையும் கரையோரக் கடைவீடுகளையும் வரையாத ஓவியர் இங்கே அரிது. அத்தனை படங்கள் வந்த பிறகு இன்னொரு படம் ஆற்றைக் காட்டுமா, அல்லது ஏற்கனவே வரைந்த படங்களைத்தான் காட்டுமா என்று அந்த வெற்றுச் சதுரம் கேட்டது. மடங்கித் தரையில் இறங்கும் அந்தக் கோட்டை நேரில் பார்க்கும்போது, கால் வைக்கலாமா கூடாதா என்று ஒரு கணம் தயங்குவோம். சட்டமிட்ட எந்த ஓவியமும் நம் காலை அப்படி நிறுத்தியதில்லை.

எனவே நான் சுற்றிக் காட்டும்போது வருகையாளர்களிடம் நீண்ட குறிப்பை முதலில் படிக்கவேண்டாம் என்பேன். தலைப்பு, ஆண்டு, என்னென்ன பொருள்களால் ஆனது என்ற அந்த மூன்று வரிகளை மட்டும் படியுங்கள். பெரும்பாலான கருத்து அந்தப் பொருள் பட்டியலிலேயே இருக்கும். பிறகு பாருங்கள், அதன் பிறகு நீண்ட குறிப்பைப் படியுங்கள், மீண்டும் பாருங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது குறிப்பில் இல்லாத எதுவும் உங்கள் கண்ணுக்குத் தென்படவில்லையென்றால், அந்தப் படைப்பைக் குறை சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

---

தெம்பனிஸ் நீர்வண்ணம் எழுதியது:

வழிகாட்டி அவர்கள் மிக நல்ல இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு வாதாடுகிறார். எல்லாக் கூடங்களிலும் நல்லவைதாம் இருக்கின்றனவா? நான் நீர்வண்ண ஓவியம் பழகுபவன். ஈரத்தாளில் வண்ணம் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்பதைக் கை அறிவதற்கே பல ஆண்டுகள் பிடிக்கின்றன. அந்தப் பயிற்சியைத் தாண்டிச் செல்கிறேன் என்று சொல்பவர், முதலில் அதை எட்டியிருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது பழமைவாதம் ஆகிவிடாது.

லிம் சே சுவென் 2005ஆம் ஆண்டு வெனிஸ் ஈராண்டுக் கலைவிழாவுக்கு என்ன கொண்டுபோனார் என்று பாருங்கள். சிங்கத் தலையும் மீன் உடலுமாகச் சிங்கப்பூரின் சின்னமாக நிற்கும், 8.6 மீட்டர் உயரமும் 70 டன் எடையும் கொண்ட மெர்லயன் சிலையைப் பெயர்த்து வெனிசுக்குக் கொண்டுசெல்ல அனுமதி கேட்டார்; கிடைக்கவில்லை. கொண்டுவர விரும்பினேன் என்ற அறிவிப்பும் கழிவறையுமே சிங்கப்பூர்க் கூடத்தில் பார்வையாளர்களுக்குக் காத்திருந்தன. நகைச்சுவையாகச் சொல்லக் கேட்டால் நானும் சிரிப்பேன். ஆனால் ஒரு நாட்டின் சார்பில் போய் வைக்கும் அளவுக்கு அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

சுவர்க்குறிப்புகளைப் பற்றித் தேக்காவாசி சொல்வது முற்றிலும் சரி. ஒரு கூடத்தில் (பெயர் வேண்டாம்) குறிப்பின் ஒரே வாக்கியம் ஒன்பது வரிக்கு நீண்டிருந்தது. முடிவில் எழுவாய் எது என்று தேடவேண்டியதாயிற்று.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அமாண்டா ஹெங் 1996இல் தொடங்கிய ‘லெட்ஸ் சாட்’ வகை நிகழ்வு ஒன்றில் கலந்துகொண்ட என் மனைவி, அதைக் கலை என்று நினைக்கவே இல்லை, ஆனால் இன்றுவரை பேசுகிறார். மேசையில் தவுகே (பயறு முளை) குவிந்திருக்கும். வந்தவர்கள் உட்கார்ந்து வேரைக் கிள்ளியபடி, தேநீர் குடித்தபடி பேசுவார்கள், அவ்வளவுதான். நம் வீட்டுத் திண்ணைகளில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பெண்கள் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்ததைப் போன்றது அது. கை ஒரு வேலையில் இருக்கும்போது வாய் தயக்கமின்றித் திறக்கிறது என்பதை அமாண்டா ஹெங் சரியாகப் பிடித்திருக்கிறார்.

---

பெட்டி திறப்பவன் எழுதியது:

நான் கண்காட்சிகளுக்குப் படைப்புகளைப் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். மரப்பெட்டியைத் திறந்து, கீறல், உடைசல் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பதிந்து, கலைஞர் தந்த குறிப்பேட்டின்படி ஒவ்வொன்றையும் நிறுத்துவது எங்கள் பணி. நீர்வண்ணம் ஐயா கேட்கும் கைத்திறன் எங்கே போயிற்று என்று தேடினால், பெரும்பாலும் அந்தக் குறிப்பேட்டில்தான் அது இருக்கும். விளக்கு எந்தக் கோணத்தில் விழவேண்டும், ஒலிபெருக்கி காதுமட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கவேண்டும், கம்பி எவ்வளவு தொய்யலாம் என்று மில்லிமீட்டர் கணக்கில் எழுதியிருப்பார்கள். இரண்டு அங்குலம் தள்ளி வைத்துவிட்டால் வேலை செத்துப்போகும், மீண்டும் கழற்றுவோம். கேலிக்குள்ளான அந்த வாழைப்பழத்துக்குக்கூடத் தரையிலிருந்து 175 சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்டவேண்டும் என்ற குறிப்பு உண்டு. வாங்கியவருக்குக் கிடைப்பது சான்றிதழும் அந்தக் குறிப்பும்தாம். பழம் அழுகினால் மாற்றிக்கொள்ளவேண்டியதுதான்.

அதே முறையில் செய்யப்பட்ட, ஆனால் என் மனத்தில் வேறு இடத்தில் இருக்கும் ஒரு படைப்பைச் சொல்கிறேன். ஃபெலிக்ஸ் கோன்சாலெஸ் டோரெஸ் 1991இல், எய்ட்ஸ் நோயால் இறந்த தம் காதலர் ராஸின் உருவப்படமாக, வண்ணத்தாளில் சுற்றிய மிட்டாய்களை ஒரு மூலையில் குவித்தார். குறிப்பிட்டிருக்கும் எடை 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. உடல்நலத்தோடு இருக்கும் ஓர் ஆளின் எடை. பார்வையாளர்கள் ஆளுக்கொரு மிட்டாயை எடுத்துக்கொள்ளலாம். குவியல் கரையும், பணியாளர்கள் மீண்டும் நிரப்பலாம். இதைக் கட்டுரையாக எழுதியிருந்தால் நாம் படித்துவிட்டு வருத்தப்பட்டிருப்போம். இங்கே நாமே அந்த உடம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறோம். இனிக்கவும் செய்கிறது.

மெர்லயன் விஷயத்தில் ஐயாவோடு உடன்பட முடியவில்லை. சிலை வந்திருந்தால் அது வெறும் சுற்றுலா விளம்பரம். ‘முடியாது’ என்ற பதில் வந்ததால்தான், அதை நகர்த்தும் உரிமை யாருடையது என்ற கேள்வி வெளியே வந்தது. காலி இடத்தையும் பார்க்கப் பழகவேண்டும் என்பது பெட்டி திறக்கும் எனக்கே கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கிறது.

---

தேக்காவாசி எழுதியது:

மிக்க நன்றி. பொருள் பட்டியலை முதலில் படிக்கும் யோசனையை அண்ணன் மகள் உடனே குறித்துக்கொண்டாள். அவளுடைய ஆசிரியர் சிங்கப்பூர் இந்தியக் கலைஞர் ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று சொல்லியிருக்கிறாராம். கோலமும் மயிலும் வரைபவர்களைத் தவிர்த்து வேறு யாரைப் பார்க்கலாம்?

---

தொண்டூழிய வழிகாட்டி எழுதியது:

எஸ். சந்திரசேகரனிடமிருந்து தொடங்கச் சொல்லுங்கள். 1988இல், நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஒன்றாகப் படித்த கோ ஈ சூ, சாலே ஜப்பார் ஆகியோரோடு சேர்ந்து அவர் இங்குள்ள கோத்தே நிலையத்தில் (ஜெர்மானியப் பண்பாட்டு மையம்) ‘திரிமூர்த்தி’ என்ற கண்காட்சியை நடத்தினார். படைத்தல், காத்தல், அழித்தல் என்ற நமக்குத் தெரிந்த கருத்தை எடுத்துக்கொண்டு, இந்தியர், சீனர், மலாய்க்காரர் என்று மூவரும் தத்தம் மரபிலிருந்து அதற்கு வடிவம் கொடுத்தார்கள். மேற்கிலிருந்து வந்த, பொருள்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் நிறுவல் கலையையும் நிகழ்த்துகலையையும் நம் சமயச் சிந்தனையால் நிரப்ப முடியுமா என்பதுதான் அவர்கள் முன்வைத்த கேள்வி. மூன்று இனங்களும் கைகோத்து நிற்கும் தேசிய நாள் சுவரொட்டியாக அது ஆகிவிடக்கூடிய ஆபத்து இருந்தது. கோட்பாட்டைக் கறாராகப் பிடித்துக்கொண்டதால் தப்பியது என்பது என் கருத்து.

இளையவர்களில் பிரியகீதா தியாவைப் பரிந்துரைப்பேன். 2017இல், லசால் கலைக் கல்லூரி மாணவியாக இருந்தபோது, ஜாலான் ராஜாவில் உள்ள வீவக அடுக்குமாடி ஒன்றின் படிக்கட்டுகளைத் தங்க நிறத் தகட்டுத்தாளால் மூடினார். அனுமதியில்லாமல் செய்யப்பட்டது என்று நகர மன்றம் கூறியது. கலையா, பொதுச்சொத்தைக் கெடுத்தலா என்று ஊரே விவாதித்தது. பொருளை மட்டும் பாருங்கள்: யாரும் நின்று பார்க்காத சிமெண்ட் படி, நம் வீடுகளில் பெட்டிக்குள் பூட்டிவைக்கும் பொன்னின் நிறம், அதன்மேல் பக்கத்து வீட்டாரின் செருப்புக் கால்கள். இதற்குச் சுவர்க்குறிப்பே இல்லை என்பதைத் தேக்காவாசி கவனிக்கவேண்டும். அண்மை ஆண்டுகளில் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் வரலாற்றைக் கணினியால் உருவாக்கிய படங்களின் வழியே அவர் கையாண்டு வருகிறார். அந்தத் தலைமுறையைச் சேர்ந்த தாத்தா பாட்டி உங்கள் குடும்பத்தில் இருந்தால், கட்டுரைக்கு வேண்டிய பாதி அங்கேயே கிடைக்கும்.

மும்பையில் பிறந்து இங்கே குடியேறிய ஷுபிகி ராவையும் விட்டுவிடக்கூடாது. அழிக்கப்பட்ட, தடைசெய்யப்பட்ட நூல்களைப் பற்றி 2014இல் அவர் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தின் மூன்றாம் பகுதிதான் 2022இல் வெனிசுக்குச் சென்றது. தனியொருவராகச் சிங்கப்பூரின் சார்பில் அங்கே சென்ற முதல் பெண் கலைஞர் அவர். அவருடைய படைப்பு நூலாகவும் திரைப்படமாகவும் அமைவதால், கட்டுரை எழுதிவிடலாமே என்ற உங்கள் கேள்வியை அவரிடம் கேட்டால் எழுதித்தான் இருக்கிறேன் என்பார்! யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்ததை மறக்காத நம்மவர்களுக்கு அவரைப் புரிந்துகொள்ள முன்னுரை தேவைப்படாது.

---

தெம்பனிஸ் நீர்வண்ணம் எழுதியது:

சிற்பி குமாரி நாகப்பனை எப்படி விட்டீர்கள்? தேசிய அரும்பொருளகத்தின் வெளியே நிற்கும் பெரிய வெண்கல மிளகாயும், ஐயான் ஆர்ச்சர்ட் கடைத்தொகுதியின் வாசலில் உள்ள சாதிக்காயும், சாங்கி விமான நிலைய மூன்றாம் முனையத்தில் உள்ள சாகா (மஞ்சாடி) விதையும் அவருடையவைதாம். அவற்றைச் செய்ய வார்ப்பறிவு வேண்டும் என்பதால் எனக்குப் பிடிக்கிறது. நுழைவுச்சீட்டு தேவையில்லை, குறிப்பைத் தேடவேண்டியதும் இல்லை. பொன்னை நிறுக்கப் பயன்பட்ட ஒரு சிறு விதையை ஆள் உயரத்துக்கும் மேலாக ஆக்கி, பெட்டியை எடை போட்டுவிட்டு வரும் பயணிகளின் கண்ணில் படும்படி வைத்திருப்பதை அண்ணன் மகளிடம் காட்டிவிட்டு, என்ன எழுதுகிறாள் என்று பாருங்கள்.