பிக்கப்பில் எல்இடி மாட்டினேன், பிரேக் மிதித்தால் அணைந்துவிடுகிறது. அவசரம்

வெண்ணாற்றுக்கரை (ஞாயிறு இரவு 9.40)
அண்ணன்களா, அவசரம். ராத்திரியில் மூட்டை ஏற்ற வெளிச்சம் வேண்டும் என்று பிக்கப்புக்குப் பின்னால் எல்இடி மாட்டினேன். சுவிட்சைப் போட்டால் எண்ணெய் தீர்ந்த விளக்கு மாதிரி மங்கலாக எரிகிறது. இண்டிகேட்டர் போட்டால் அதோடு சேர்ந்து இதுவும் சிமிட்டுகிறது, பிரேக் மிதித்தால் சுத்தமாக அணைந்தே போகிறது. பிரேக்குக்கும் இதற்கும் நான் எந்த வயரும் இழுக்கவில்லை, சத்தியமாக. நாளை ராத்திரி நெல் அறுப்பு, பெல்ட் வண்டி (அறுவடை மிஷின்) சொல்லியாகிவிட்டது, அதற்குள் சரியாக வேண்டும். லைட் டூப்ளிகேட்டாக இருக்குமோ? கடையில் கேட்டால் மாட்டிய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.

கும்மோணம்டிகிரி (9.52)
என்ன வண்டி? எத்தனை லைட்? எத்தனை வாட்? சப்ளை எங்கே எடுத்தீர்கள்? ரிலே (சுவிட்சைப் போட்டால் பேட்டரி கரண்டை லைட்டுக்குத் திறந்துவிடுகிற பெட்டி) போட்டீர்களா, நேரா சுவிட்சா? எர்த், அதாவது லைட்டின் கறுப்பு வயர், எங்கே?

ஸ்பேனர்பாண்டி (9.55)
ரிலேதான். ஐந்து கால் ரிலே வாங்கியிருப்பீர்கள், 87-ஆம் காலுக்குப் பதில், சுவிட்ச் அணைந்திருக்கும்போது கரண்ட் வருகிற 87ஏ-யில் மாட்டியிருப்பீர்கள். பத்தில் எட்டுப் பேர் செய்கிற தப்பு இது.

பழையவயர்மேன் (10.04)
லைட்டை மாட்டிவிட்டு அப்புறம் கேள்வி கேட்பது இப்போது பழக்கமாகிவிட்டது. தம்பி, வீட்டு ஒயரிங் வேறு, வண்டி ஒயரிங் வேறு. என்ன வயர் போட்டாய் என்றே சொல்லவில்லை. ஸ்பீக்கருக்குப் போடுகிற சிவப்பு கறுப்பு வயராகத்தான் இருக்கும், பந்தயம். வயர் மெல்லிசாக இருந்தால் லைட் மங்கலாகத்தான் எரியும். தடி வயர் வாங்கி முதலிலிருந்து இழு. இதே பதிலை எத்தனை பேருக்கு எழுதிவிட்டேன், யாரும் பழைய இழைகளைத் தேடிப் படிப்பதில்லை.

வெண்ணாற்றுக்கரை (10.20)
பொலிரோ பிக்கப் 2016. நாலு லைட், அட்டையில் ஒவ்வொன்றும் 18 வாட் என்று இருக்கிறது. ரிலே இருக்கிறது. 30-க்கு பேட்டரி, 87-லிருந்து லைட், 85 எர்த், 86 சுவிட்ச். சுவிட்சை அணைத்தால் லைட் அணைகிறது, அதனால் 87ஏ இல்லை. வயர் ஆமாம், ஸ்பீக்கர் வயர்தான்.

பழையவயர்மேன் (10.22)
நான் சொல்லவில்லையா.

கும்மோணம்டிகிரி (10.41)
ஐயா, கொஞ்சம் கணக்குப் போடுவோம். நாலு பதினெட்டு 72 வாட், 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். முக்கால் சதுர மில்லி வயர் என்றே வைத்துக்கொள்வோம், மீட்டருக்கு ஏறக்குறைய 0.024 ஓம், பேட்டரியிலிருந்து பின்பக்கம் வரை 5 மீட்டர் என்றால் 0.12 ஓம். 6 ஆம்பியரில் முக்கால் வோல்ட்கூடக் குறையாது. வயர் சரியில்லைதான், மாற்ற வேண்டியதுதான், ஆனால் முக்கால் வோல்ட் குறைந்ததற்காக எந்த எல்இடியும் எண்ணெய் தீர்ந்த விளக்காக எரியாது. பிரேக் மிதித்தால் ஏன் அணைகிறது என்பதற்கும் இதில் பதில் இல்லை.
வெண்ணாற்றுக்கரை, எர்த் கேட்டேனே?

நடுச்சாமம் (10.58)
டைனமோ வீக்காக இருக்கும். எங்கள் மாமா வண்டியில் இப்படித்தான், லைட் போட்டால் மங்கல், ஹாரன் அடித்தால் இன்னும் மங்கல். ஆல்டர்னேட்டரைக் கழற்றி கார்பன் மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஸ்பேனர்பாண்டி (11.03)
ஆல்டர்னேட்டர் வீக் என்றால் ஹெட்லைட்டும் சேர்ந்து மங்கும். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே. ரிலேயின் உள்ளே பாயிண்ட் கருகியிருக்கும், ஐம்பது ரூபாய் ரிலே வாங்கினால் அப்படித்தான்.

வெண்ணாற்றுக்கரை (11.15)
ஹெட்லைட் நன்றாக எரிகிறது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், லைட்டுக்குப் போகிற வயரில் 12.4 காட்டுகிறது. சப்ளை சரியாக வருகிறது, லைட்தான் டூப்ளிகேட் போல. காலையில் கடைக்குப் போகிறேன்.

உப்பளத்துக்காரன் (11.50)
வேதாரண்யத்திலிருந்து எழுதுகிறேன். வண்டியில் உப்பு ஏற்றுகிறவன், துருப்பிடிப்பதில் நமக்கு அனுபவம் அதிகம்.
தம்பி, கடைக்குப் போக வேண்டாம். மீட்டர் வைத்தபோது லைட்டைக் கழற்றிவிட்டுத்தானே வைத்தீர்கள்? லைட் எரியாதபோது தலைமுடி கனத்துக்கு வயர் இருந்தாலும், துரு வழியாக வந்தாலும் 12 காட்டும். கரண்ட் ஓடினால்தான் குட்டு வெளிப்படும். லைட்டை மாட்டி, சுவிட்சைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில் வையுங்கள் (பேட்டரி கம்பத்திலேயே, பாடியில் அல்ல), சிவப்பு முனையை லைட்டின் கறுப்பு வயரில் வையுங்கள். கால் வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்று. நாலு ஐந்து வோல்ட் காட்டினால் எர்த் போச்சு.
லைட்டின் எர்த்தை எங்கே கொடுத்தீர்கள் என்று கும்மோணத்தார் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

வெண்ணாற்றுக்கரை (11.58)
இடது டெயில் லைட்டுக்குப் போகிற கறுப்பு வயரில் சேர்த்துச் சுற்றி டேப் ஒட்டினேன். அதுவும் எர்த்தானே?

கும்மோணம்டிகிரி (திங்கள் 12.01)
🙂

உப்பளத்துக்காரன் (12.30)
எர்த்தான். ஆனால் அந்தக் கறுப்பு வயர் போய்ச் சேருகிற போல்ட் எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா? பிக்கப்பின் பின்பக்கம், சக்கரம் வாரியடிக்கிற சேறெல்லாம் அங்கேதான்.
என்ன நடக்கிறது என்றால், அந்த இடத்தில் துரு. டெயில் லைட் பல்பு 5 வாட், அது கேட்பது அரை ஆம்பியருக்கும் குறைவு, துரு வழியாக எப்படியோ ஊர்ந்து போய்விடும். உங்கள் நாலு லைட்டும் கேட்பது 6 ஆம்பியர். அது அந்த வழியில் போகாது. மடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் என்ன செய்யும், வரப்பு தாண்டிப் பக்கத்து வயலில் இறங்கும் அல்லவா? அதே கதை. இடது பிரேக் பல்பின் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, பிரேக் வயரில் நடந்து, வலது பிரேக் பல்பு வழியாக அந்தப் பக்க எர்த்தில் இறங்குகிறது. இத்தனை பல்பைத் தாண்டிப் போவதால்தான் எல்இடி மங்கல்.
பிரேக் மிதித்தால் அந்த வயரில் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் வந்து நின்றுவிடும். லைட்டுக்கு இந்தப் பக்கமும் 12, அந்தப் பக்கமும் 12. இரண்டு வயலிலும் தண்ணீர் ஒரே மட்டம் என்றால் மடையைத் திறந்தாலும் ஓடுமா? அணைந்துவிடும். இண்டிகேட்டர் விட்டு விட்டு வருவதால் இதுவும் விட்டு விட்டு எரிகிறது.
ஒன்று மட்டும் சொல்லுங்கள். எல்இடி போட்டவுடன் ஸ்டியரிங் முன்னால் மீட்டர் லைட் லேசாக எரிகிறதா? பார்க் லைட்டும் மீட்டர் லைட்டும் ஒரே லைன், கரண்ட் அதிலும் ஏறும்.

வெண்ணாற்றுக்கரை (12.41)
ஐயோ ஆமாம் அண்ணே. எரிகிறது. அதை நான் சொல்லவே இல்லையே!! அப்புறம் இடது டெயில் லைட் போன வருஷத்திலிருந்தே கொஞ்சம் மங்கல்தான், பல்பு பழசு என்று விட்டுவிட்டேன்.

கும்மோணம்டிகிரி (12.44)
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பத்து மணிக்கே எல்லாரும் தூங்கியிருப்போம்.

உப்பளத்துக்காரன் (12.55)
காலையில் முதல் வேலையாக, ஒரு நீள வயரை பேட்டரி நெகட்டிவிலிருந்து இழுத்து லைட்டின் கறுப்பு வயரில் தொட்டுப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் சந்தேகமே வேண்டாம். அப்புறம் டெயில் லைட் வயரிலிருந்து பிரித்து, சேஸிஸில் நல்ல இடமாகப் பார்த்து பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை தேய்க்க வேண்டும், லக் (வயர் முனையில் மாட்டுகிற வளையம்) வைத்து ஸ்டார் வாஷர் போட்டு இறுக்குங்கள். மேலே கிரீஸ். பழைய எர்த் போல்ட்டையும் கழற்றித் தேய்த்துவிடுங்கள், டெயில் லைட்டும் பிழைக்கும்.
பேட்டரியிலிருந்து வருகிற வயரில் ஃபியூஸ் இருக்கிறதா?

வெண்ணாற்றுக்கரை (12.57)
ஃபியூஸ் இல்லை. ரிலே இருக்கிறதே என்று போடவில்லை.

பழையவயர்மேன் (6.10)
ரிலே இருக்கிறதே என்று ஃபியூஸ் போடவில்லையாம். கதவு இருக்கிறதே என்று பூட்டு போடாமல் விடுவாயா? எர்த் என்று நானும் சொல்லத்தான் இருந்தேன், முதலில் வயரை மாற்றச் சொன்னேன், அவ்வளவுதான். தம்பி, அந்த வயர் எங்காவது சேஸிஸில் உரசி உள்ளே செம்பு தெரிந்தால் பேட்டரி மொத்தமும் அதில் இறங்கும். டேப் உருகி, வயர் சிவந்து, நீ ஏற்றுவது நெல் மட்டுமா? வைக்கோல் கட்டும் ஏற்றுவாய்தானே. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் ஹோல்டர், 10 ஆம்பியர் போதும். வயர் இரண்டரை சதுர மில்லி. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி எறி.

(இதில் மட்டும் இவர் சொல்வது நூற்றுக்கு நூறு. - கும்மோணம்டிகிரி)

ஸ்பேனர்பாண்டி (7.25)
ஜாயிண்ட்டில் சால்டர் வையுங்கள், டேப் ஒட்டினால் வெயிலில் பசை இளகிவிடும்.

நடுச்சாமம் (7.31)
சால்டர் வைத்தால் குலுங்கலில் முறியும். லக் அமுக்குவதுதான் சரி. இரண்டு வண்டி பார்த்துவிட்டேன்.

ராத்திரிபஸ் (8.05)
எல்லாரும் சேர்ந்து லைட்டை எரிய வைத்துவிடுவீர்கள், சரி. எதிரே வருகிறவன் கதியை யாராவது யோசித்தீர்களா? வாரம் மூன்று நாள் இரவு வேலை முடிந்து நீடாமங்கலம் பக்கம் பைக்கில் வருகிறேன். வெள்ளை எல்இடியைப் பம்பரில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள், கண் இருண்டு போகிறது, இரண்டு பக்கமும் வாய்க்கால். முன் அனுமதி இல்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட் வைக்கக் கூடாது என்று மோட்டார் வாகன விதி 111 சொல்கிறது. வண்டியை மாற்றியமைப்பதற்குச் சட்டத்தில் பிரிவு 52 தனியாக இருக்கிறது.

ஸ்பேனர்பாண்டி (8.20)
அவர் மாட்டியது பின்னால், மூட்டை ஏற்ற. பதிவைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

ராத்திரிபஸ் (8.24)
பின்னால் மாட்டியதை அணைக்காமல் ரோட்டுக்கு வந்தால் பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியுமா?

களத்துமேடு (8.40)
லைட் வைக்காமல் என்ன செய்ய? உங்கள் ஊரில் ரோட்டிலேயே நெல்லைக் காயப்போட்டு சுற்றிலும் கருங்கல் அடுக்கி வைக்கிறார்களே, ராத்திரி அந்தக் கல் மேல் ஏறி ஆக்ஸில் உடைந்தவன் நான்.

ராத்திரிபஸ் (8.46)
காயப்போடாமல் என்ன செய்ய? கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். களம் இல்லாதவன் வீட்டுக்குள்ளேயா காயப்போடுவான்?

களத்துமேடு (8.50)
அதற்காகக் கல்லா? ஒரு வெள்ளைச் சாக்கையாவது கட்டி வையுங்கள், தெரியட்டும்.

நடுச்சாமம் (8.58)
ராத்திரி அறுத்தால் பனியில் நெல் இன்னும் ஈரமாகும், அதையும் சொல்லுங்கள்.

களத்துமேடு (9.05)
பெல்ட் வண்டிக்காரன் வருகிற நேரம்தான் அறுப்பு நேரம். நாம் சொல்கிற நேரத்துக்கு அவன் வந்த காலம் எங்கள் அப்பாவோடு போயிற்று.

பழையவயர்மேன் (9.30)
இது ஒயரிங் இழை. நெல்லைத் தனி இழையில் காயப்போடவும்.

கும்மோணம்டிகிரி (மாலை 4.15)
வெண்ணாற்றுக்கரை, என்ன ஆச்சு? மீட்டரில் எவ்வளவு காட்டியது?

நடுச்சாமம் (இரவு 8.40)
ஆள் காணோம். வண்டி எரிந்துபோயிற்றா?

வெண்ணாற்றுக்கரை (செவ்வாய் அதிகாலை 3.20)
மன்னிக்கவும், வயலில் சிக்னல் இல்லை. உப்பளத்து அண்ணன் சொன்ன மாதிரி வைத்துப் பார்த்தேன், 7.8 காட்டியது. போல்ட்டைக் கழற்றப் போனால் லக் கையோடு வந்துவிட்டது, உள்ளே அவல் மாதிரி அடுக்கடுக்காகத் துரு. சேஸிஸில் புதுசாக ஒரு எர்த், ஃபியூஸ் 10, இரண்டரை வயர். இப்போது 0.1 காட்டுகிறது. பகல் மாதிரி எரிகிறது, கீழே சிந்தின நெல்லைக்கூடப் பொறுக்கலாம். ராத்திரிபஸ் அண்ணே, ரோட்டில் ஏறுவதற்கு முன்னால் அணைத்துவிட்டேன். இன்னும் முப்பது மூட்டை ஏற்ற வேண்டியிருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

உப்பளத்துக்காரன் (5.45)
நல்லது தம்பி. கிரீஸ் தடவினீர்களா?

ஸ்பேனர்பாண்டி (7.10)
எதற்கும் அந்த ரிலேயையும் மாற்றிவிடுங்கள்.

உப்பளத்துக்காரன் (வியாழன் 6.15)
கிரீஸ்?