எலக்ட்ரானிக் த்ரோட்டல் கோளாறு: பாகத்தை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

கோலாலம்பூரில், கூட்டரசு நெடுஞ்சாலையில் அங்காசாபுரியைத் தாண்டியதும் எஞ்சின் விளக்கு எரிந்தது. பெடலை அடிவரை மிதித்தும் வண்டி ஊர்ந்துதான் போனது. பக்கத்தில் லாரிகள் பறக்கும் சாலையில் அப்படி ஊர்வது நிஜமாகவே பயங்கரம். ஓரமாக நிறுத்தி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடுகிறது!

முதலில் போன பட்டறையில் ஸ்கேனர் பி2135 என்ற கோளாறு கோட் காட்டியது. பார்த்த உடனே த்ரோட்டல் பாடியையே, அதாவது எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ள பாகத்தையே, மாற்றச் சொன்னார்கள். செந்தூலில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் சொன்னேன். “இரு தம்பி, அவசரப்படாதே, வண்டியைக் கொண்டு வா” என்றார்.

அவர் விளக்கியது இது. எலக்ட்ரானிக் த்ரோட்டல் உள்ள வண்டிகளில் பெடலிலிருந்து எஞ்சினுக்குக் கேபிள் கிடையாது. பெடலில் இரண்டு சென்சார், த்ரோட்டல் பாடியில் இரண்டு சென்சார். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டும் சொல்வது ஒத்துப்போகிறதா என்று எஞ்சினை இயக்கும் கணினியான இசியூ பார்த்துக்கொண்டே இருக்கும். ஒத்துப்போகாவிட்டால் த்ரோட்டல் மோட்டாரை நிறுத்திவிடும். அப்போது ஸ்பிரிங் வால்வைக் கொஞ்சம் மட்டும் திறந்து வைக்கும், அதனால்தான் ஊர்கிறோம். பி2135 சொல்வதெல்லாம் த்ரோட்டல் பாடியின் இரண்டு சிக்னல் ஒத்துப்போகவில்லை என்பதுதான். கெட்டது சென்சாரா, வயரா, கனெக்டரா என்று அது சொல்லாது.

எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் அந்த இரண்டு சென்சாரின் வோல்டேஜையும் கோடாக வரவிட்டார். பெடலை மெதுவாக மிதித்தபோது கோடுகள் சீராகத்தான் நகர்ந்தன. வயர்க் கட்டைப் பிடித்து ஆட்டியதும் ஒரு கோடு சட்டென்று விழுந்தது. பிராக்கெட்டில் உரசி உரசி ஒரு வயரின் தோல் தேய்ந்து, உள்ளே இழைகள் அறுந்திருந்தன. ஈயப் பற்று வைத்து, உறை போட்டு, உரசாதபடி தள்ளிக் கட்டினார். அவ்வளவுதான் வேலை.

அப்படியே த்ரோட்டல் பாடியில் படிந்த கரியையும் துடைத்தார். சாவியை எடுத்துவிட்டு, கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும், வால்வை விரலால் தள்ளக் கூடாது, பல வண்டிகளில் உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரம் என்றார். முடிந்ததும் ஸ்கேனரில் ஐடில் ரீலேர்ன், அதாவது பெடலை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை இசியூவுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது. கரி போனதும் அதே திறப்பில் கூடுதல் காற்று போகும். அதை இசியூ புதிதாகக் கற்காவிட்டால் ஐடில் ஏறி இறங்கும்.

பினாங்கைச் சேர்ந்த மன்ற உறுப்பினர் ஒருவரின் பதில்:

எனக்கு இதே மாதிரி பாலத்தின் மேல் நடந்தது, ஆனால் கோட் பி2138. அது பெடல் சென்சாருக்கானது. வயரை எவ்வளவு ஆட்டியும் ஒன்றும் மாறவில்லை. பெடல் பாதி இறங்கும் அதே இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் கோடு விழுந்தது. அப்படி வந்தால் சென்சார் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். என் வண்டிக்குப் பெடலோடு சேர்த்துத்தான் கிடைத்தது. ஹாஃப் கட் கடையில் (பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை) வாங்குபவர்கள் பார்ட் நம்பரை எழுத்து விடாமல் ஒப்பிட்டு வாங்குங்கள். உருவம் ஒன்றாக இருந்தாலும் வோல்டேஜ் அளவு வேறாக இருக்கலாம்.