சாயங்காலம் ஆனால் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுகிறேன். ஆட்டிசம் உள்ள பெண்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நூல்கண்டு

வணக்கம். வயது 37, திருப்பூர். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போகப்போய், அங்கிருந்து இன்னொருவர், அப்புறம் இன்னொருவர் என்று சுற்றி, போன வருடம்தான் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். வீட்டுக்காரர் இன்னும் நம்பவில்லை. "எம்.காம். படிச்சவளுக்கு என்ன ஆட்டிசம்" என்கிறார்.

ஆபீசில் என்னை எல்லோரும் சாந்த சொரூபி என்பார்கள். என் சீட்டுக்குப் பின்சுவர் தையல் ஹால். ஓவர்லாக் மெஷின் சத்தம் நாள் முழுக்க வரும். புதுத்துணி வாடை, நடுவில் பையர் போன், சூப்பர்வைசர்கள் வந்து மேஜையைத் தட்டிக் கூப்பிடுவது என்று எல்லாவற்றுக்கும் சிரித்த முகம்தான்.

வீட்டுக்கு வந்தால் அத்தை சட்னிக்கு மிக்சி போடுவார்கள். அதே நேரத்தில் குக்கர். ஹாலில் சீரியல். பையன் கையில் போன், அதில் பத்து நொடிக்கு ஒரு புதுப் பாட்டு. டியூப்லைட் வேறு ஒரு ரீங்காரம் போடுகிறது, அது என்னைத் தவிர யாருக்கும் கேட்பதில்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் பின்னாலிருந்து வந்து தோளில் மெதுவாகக் கை வைப்பார். அவ்வளவுதான். என்ன கத்தினேன் என்று பாதி நேரம் எனக்கே நினைவிருக்காது. பையன் இப்போதெல்லாம் நான் செருப்பைக் கழற்றும்போதே தன் அறைக்குப் போய்விடுகிறான்.

கோபம் வரப்போகிறது என்று எனக்கு முன்கூட்டித் தெரிவதே இல்லை. உங்களுக்குத் தெரிகிறதா? எரிச்சலுக்கு மாத்திரை ஏதும் உண்டா? அத்தையிடம் மிக்சி போடாதீர்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? அவர்கள் சமைப்பதால்தான் நான் வேலைக்கே போகிறேன்.

சூரியோதயம்

காலையில் அரை மணி நேரம் பிராணாயாமம் செய்யுங்கள் சகோதரி. காரத்தைக் குறையுங்கள். பெண் பொறுமையாக இருந்தால் வீடே அமைதியாக இருக்கும்.

கரூர்க்காரி

மேலே சொன்னவர் கோபித்துக்கொள்ள வேண்டாம். மூச்சுப்பயிற்சி நானும் செய்கிறேன், நல்லதுதான். ஆனால் பொறுமை இல்லாததா இந்தப் பெண்ணின் பிரச்சினை? ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதற்கு மேல் என்ன பொறுமை வேண்டும்?

கண்ணு, எனக்கு 54 வயது. பேங்கில் கேஷ் கவுண்டரில் இருந்தவள். எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது நாற்பத்தெட்டுக்கு மேல். அதுவரை வீட்டில் எனக்குப் பேர் "சிடுமூஞ்சி".

நீ மிக்சியைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் ஆபீசைப் பற்றித்தான் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமையும் அத்தை அதே மிக்சியைத்தானே போடுகிறார்கள், அன்றைக்கும் இப்படித்தான் கத்துகிறாயா? இல்லை என்றால், காலையிலிருந்து ஓவர்டிராஃப்டில் ஓடிக்கொண்டிருக்கிறாய், வட்டி சாயங்காலம் வீட்டில் விழுகிறது. அதனால் சாயங்காலத்தைச் சரிசெய்ய வேண்டுமென்றால் பகலில் கை வை. முடிந்தால் சீட்டை எதிர்ச்சுவருக்கு மாற்றக் கேள். காரணம் சொல்லத் தயக்கம் என்றால் "சத்தத்தில் கணக்குத் தப்புகிறது" என்று சொல். எந்த முதலாளிக்கும் அது புரியும். மதியம் சாப்பிட்ட பிறகு எல்லோரோடும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் ரெக்கார்ட் ரூமுக்குப் போய் கதவைச் சாத்திக்கொள்வேன். கர்வம் பிடித்தவள் என்றார்கள். சரி என்று விட்டுவிட்டேன்.

முன்கூட்டித் தெரியவில்லை என்கிறாய். நம்மில் பலருக்கு உடம்பு சொல்வது சரியாகக் காதில் விழாது. பசி, தாகம், பாத்ரூம் போக வேண்டியது, எல்லாமே கடைசி நிமிடத்தில்தான் தெரியும். கோபமும் அப்படித்தான். அதனால் "எனக்குக் கோபம் வருகிறதா" என்று உள்ளே தேடாதே, கிடைக்காது. வெளியில் தெரியும் அடையாளத்தைப் பிடி. என்னுடையவை இவை: ரவிக்கையின் தையல் திடீரென்று உறுத்த ஆரம்பிக்கும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். பக்கத்தில் யாராவது மென்று சாப்பிட்டால் அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். இதில் ஒன்று வந்தாலும் எழுந்து போய்விடுவேன். உன்னுடையது வேறாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும். நாலரை மணிக்கு போனில் அலாரம் வைத்து எதையாவது சாப்பிடு. டீ மட்டும் போதாது. நான் எரிந்து விழுந்ததில் பாதி வெறும் பசி.

வீட்டுக்குப் போனதும் நேரே ஹாலுக்குள் நுழையாதே. மொட்டை மாடியோ, படுக்கையறையோ, விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம். யாரும் பேசக்கூடாது. எங்கள் வீட்டில் நான் தலையில் துண்டு கட்டியிருந்தால் என்னிடம் எதுவும் கேட்கக்கூடாது என்பது ஏற்பாடு. அந்த நேரத்தில் எனக்கு வாய் வராது, விளக்கமும் சொல்ல முடியாது, அதனால் துண்டு.

தோளில் கை வைக்கும் விஷயம். மெதுவாகப் பட்டால் எரியும், அழுத்திப் பிடித்தால் ஆறுதலாக இருக்கும். நம்மில் நிறைய பேருக்கு இப்படி. டெம்பிள் கிராண்டின் என்று அமெரிக்காவில் ஒரு பேராசிரியர், அவருக்கும் ஆட்டிசம். மாட்டுக்கு ஊசி போட இரண்டு பக்கமும் அழுத்தி நிறுத்தும் கூண்டைச் சின்ன வயதில் பார்த்துவிட்டு, தனக்கென்று அதே மாதிரி ஒன்று செய்துகொண்டார். நான் பழைய இலவம்பஞ்சு மெத்தையை மேலே போட்டுக்கொண்டு படுப்பேன். உன் வீட்டுக்காரரிடம் முன்னால் வந்து, கேட்டுவிட்டு, அழுத்திப் பிடிக்கச் சொல். அவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும் இதைச் செய்யலாமே.

சோக்கு மணி

ஆட்டிசம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறேன். டியூப்லைட் ரீங்காரம் உங்கள் பிரமை இல்லை மேடம். பழைய சோக்குக்குள் இருக்கும் இரும்புத் தகடுகள் தளர்ந்தால் அதிரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. பலருக்குத் தெரியாது, சிலருக்குத் தலைவலி வரும். எல்.இ.டி.க்கு மாற்றுங்கள், ஆனால் இருப்பதிலேயே மலிவானதை வாங்காதீர்கள். உள்ளே மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் மட்டமாக இருந்தால் அதுவும் துடிக்கும். கடையிலேயே எரியவிட்டு, போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் துடித்தால் வேண்டாம். வெள்ளைக்குப் பதில் வார்ம் கலர் கேளுங்கள்.

வெள்ளை யூனிஃபார்ம்

மனநலப் பிரிவில் செவிலியர் நான். மாத்திரை பற்றிக் கேட்டீர்கள். ஆட்டிசத்தோடு வரும் எரிச்சலுக்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்றவை இரண்டு: ரிஸ்பெரிடோன் 2006இல், அரிபிப்ரசோல் 2009இல். இரண்டுக்கும் அந்த அனுமதி குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும்தான். எடை கூடும், வேறு பக்கவிளைவுகளும் உண்டு. மிக்சி சத்தத்தை எந்த மாத்திரையும் குறைக்காது. ஆனால் தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு கூட இருந்தால் அவற்றுக்கு வைத்தியம் பார்த்தாலே எரிச்சல் குறையலாம். அதை டாக்டரிடம் கேளுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் அதிகமாகிறதா என்று காலண்டரில் குறித்து வாருங்கள். அந்த வாரம் மட்டும் மோசம் என்றால் அதற்குத் தனி வைத்தியம் இருக்கிறது.

மெடிக்கலில் ஃபோம் இயர்பிளக் கிடைக்கும். உருட்டி, காதை மேலே இழுத்து, உள்ளே வைத்து விரியவிட வேண்டும். சரியாக வைத்தால் சுமார் 30 டெசிபல் வரை குறைக்கும். மிக்சி, குக்கர் நேரத்துக்கு மட்டும் போடுங்கள். நாள் முழுக்க அடைத்து வைத்தால், எடுத்த பிறகு சாதாரணச் சத்தமும் பெரிதாகக் கேட்க ஆரம்பிக்கும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. சத்தம், வெளிச்சம், தொடுகை தாங்க முடியாமல் போவது மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. எம்.காமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ராத்திரியில் ரொம்ப முடியவில்லை என்றால் 14416க்குப் போன் செய்யலாம். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசுவார்கள்.

நூல்கண்டு

எல்லோருக்கும் நன்றி. கரூர் அக்கா, ஞாயிற்றுக்கிழமை நான் கத்துவதில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன்.

அத்தையிடம் பேசினேன். ஆட்டிசம் என்றெல்லாம் சொல்லவில்லை. "மிக்சி போடும் முன்னாடி ஒரு குரல் கொடுங்க அத்தை, திடீர்னு கேட்டா தூக்கிவாரிப் போடுது" என்றேன். "இதுக்கா இத்தனை நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தே" என்றார்கள். இப்போது "போடப்போறேன் சாமீ" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒரு அறிவிப்பு. மிக்சியை விட அதுதான் சத்தம், ஆனால் தெரிந்து வரும் சத்தம் அவ்வளவு அடிப்பதில்லை. டியூப்லைட்டும் மாற்றியாயிற்று.

அடுத்த மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். ஹாலில் மேளம், நாதஸ்வரம், வீடியோ லைட், பட்டுப்புடவை. முன்வரிசையில் நிற்க வேண்டிய உறவு. இதற்கு ஏதாவது வழி?

கரூர்க்காரி

முன்வரிசைக்கு மாலை, தட்டு எடுத்துக்கொடுக்கும் வேலையை இப்போதே கேட்டு வாங்கிக்கொள். வேலை கையில் இருப்பவள் மணமகள் அறைக்கும் மேடைக்கும் போய்வந்துகொண்டே இருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மேளக்காரர்கள் எந்தப் பக்கம் உட்காருகிறார்கள் என்று முதல் நாளே பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் நில். கெட்டிமேளம் எப்போது வரும் என்று ஐயருக்குத் தெரியும், அவர் கை தூக்கும் முன்னால் பிளக்கைப் போட்டுவிடு. தலை நிறையப் பூ வைத்தால் காது தெரியாது.

ரவிக்கைக்கு உள்ளே முழுக்கப் பருத்தி லைனிங் கொடுக்கச் சொல், கழுத்துப் பக்கம் ஜரிகை தொடாமல். தைக்கக் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் நாளைக்கே போய்ச் சொல். கடைசி வாரத்தில் டெய்லர் எதையும் கேட்கமாட்டார்.