மதிப்பெண்ணா, இயல்பு எண்ணா? பாத்திரமேற்பு ஆட்டத்துக்கான கலைச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாத்திரமேற்பு ஆட்டங்களின் (ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ‘ரோல்-பிளேயிங் கேம்’களின்) விதிகளைத் தம் பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதிவரும் புதுச்சேரி ஐயா அனுப்பிய சொற்பட்டியலில், ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தொடக்கத்தில் குறித்துக்கொள்ளப்படும் ஆறு எண்களுக்கு (ஆங்கிலத்தில் ‘ஏபிலிட்டி ஸ்கோர்’) ‘திறன் மதிப்பெண்’ என்ற பெயர் தரப்பட்டிருக்கிறது. நெய்வேலி அம்மா அதை ‘ஆற்றல் மதிப்பெண்’ என்று திருத்தி, இத்துடன் முடித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். இருவரின் உழைப்பையும் மதித்தே இதைச் சொல்கிறேன்: ‘மதிப்பெண்’ என்ற சொல் இங்கே பொருந்தாது. அந்த எண்கள் மனிதரின் உண்மையான திறமையை எவ்வளவு தூரம் காட்டுகின்றன என்ற கேள்விக்குள்தான் அதற்கான காரணம் இருக்கிறது. எனவே முதலில் அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் இந்த ஆறும் அமைந்தன: ஸ்ட்ரெங்த், இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கான்ஸ்டிடியூஷன், டெக்ஸ்டெரிட்டி, கரிஸ்மா. ஒவ்வொன்றுக்கும் ஆறு முகமுள்ள பகடைகள் மூன்றை உருட்டிக் கூட்டினால் 3 முதல் 18 வரை ஓர் எண் கிடைக்கும், சராசரி 10.5. மூன்றும் ஆறாக விழும் வாய்ப்பு 216இல் ஒன்று. பெரும்பாலோர் நடுவிலும் மிகச் சிலர் இரு முனைகளிலும் அமையும் இந்தப் பரவல், மனிதரின் உயரம், கைப்பிடியின் வலு போன்றவற்றின் பரவலை ஒத்திருப்பதால், அளந்தெடுத்த எண்ணைப் போலவே அது நமக்குத் தோன்றிவிடுகிறது. நம் ஊரில் மதிப்பெண் என்றாலும் அப்படித்தான். பத்தாம் வகுப்பில் 480 வாங்கிய பிள்ளையிடம் 480க்கு உரிய ஏதோ ஒன்று ஏற்கெனவே இருந்ததாகவும், தேர்வு அதை வெளியே எடுத்துக் காட்டியதாகவும் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆட்டத்தின் எண் அப்படி எதையாவது எடுத்துக் காட்டுகிறதா?

ஆறில் அளந்து பார்க்க மிக எளிதானது வலு, அதாவது ஸ்ட்ரெங்த். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிப்படி, வலுவின் எண்ணை 30ஆல் பெருக்கினால், அந்தப் பாத்திரம் தூக்கவோ தள்ளவோ இழுக்கவோ கூடிய எடை பவுண்டில் கிடைக்கும். எண் 10 என்றால் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. ஆட்டக்காரரின் பாத்திரம் ஆட்டப்போக்கில் உயர்ந்து வழக்கமாக எட்டக்கூடிய உச்சமான 20க்கு 272 கிலோ. பயிற்சி இல்லாத சராசரி மனிதர் 136 கிலோவைத் தரையிலிருந்து எடுப்பது அரிது. மறுபுறம், ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் பியோர்ன்சன் 2020இல் 501 கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நின்றார். ஆக, நடுவில் இருப்பவருக்கு அளவுக்கு மீறிக் கொடுக்கும் விதி, உச்சியில் இருப்பவருக்குப் பாதிதான் கொடுக்கிறது. கர்ப்ஸ் என்ற ஆட்டத்தின் நான்காம் பதிப்பு, தூக்கும் எடையை எண்ணின் வர்க்கத்தோடு இணைத்தது. எண் இரட்டித்தால் எடை நான்கு மடங்காகும். அது உண்மைக்குச் சற்று நெருங்கி வருகிறது.

ஆனால் எடைக் கணக்கைச் சரிசெய்வதால் மட்டும் இது அளவீடு ஆகிவிடாது. இரண்டு பாத்திரங்கள் நேருக்கு நேர் மோதும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பகடையில் விழுவதோடு வலுவுக்கு ஏற்ப ஒரு சிறு எண்ணைக் கூட்ட வேண்டும், கூட்டுத்தொகை பெரிதானவர் வெல்வார். வலு 10 உள்ளவருக்குக் கூட்ட எதுவும் இல்லை. 20 உள்ளவர் ஐந்தைக் கூட்டிக்கொள்ளலாம். இருவரும் இருபது முகப் பகடையை ஆளுக்கு ஒரு முறை உருட்டினால் 400 சேர்க்கைகள் வரக்கூடும். அவற்றில் 105இல் வலு குறைந்தவர் வெல்கிறார், 15இல் சமன். அதாவது, நான்கு போட்டிகளில் ஒன்றுக்குச் சற்று மேலாகவே அவருக்குக் கிடைக்கிறது. கடலூர் துறைமுகத்தில் விடியற்காலையில் ஐஸ் பெட்டிகளை ஏற்றி இறக்கும் ஒருவரோடு, நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதும் ஒருவர் மேசையில் முழங்கையை ஊன்றிக் கை சாய்க்கும் போட்டிக்கு உட்கார்ந்தால், பொழுது சாயும்வரை முயன்றாலும் ஒரு முறைகூட வெல்ல மாட்டார். உண்மை வாழ்வில் அவ்வளவு பெரிய வலு வேறுபாடு முடிவையே தீர்த்துவிடும். ஆட்டத்தில் அது முடிவை ஒரு பக்கம் சற்றே சாய்க்கிறது. விதி எழுதியவர்களை இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். யார் வெல்வார் என்று முன்பே தெரிந்தால் பகடையை உருட்ட வேண்டிய தேவையே இல்லை, கதையும் நகராது. ஆளை அளக்கும் பொறுப்பு இந்த எண்ணுக்கு ஒருபோதும் தரப்படவில்லை. கதையில் அந்த ஆளுக்கு எந்தச் செயலில் எவ்வளவு வாய்ப்பு என்று வரையறுப்பதே அதன் வேலை. என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

டெக்ஸ்டெரிட்டியை எடுத்துக்கொண்டால் வேறொரு சிக்கல் தெரிகிறது. அம்பு எய்வது, அடிக்கு விலகுவது, ஓசைபடாமல் நடப்பது, பூட்டை நெம்பித் திறப்பது ஆகிய எல்லாவற்றையும் ஆட்டம் இந்த ஓர் எண்ணிடம் ஒப்படைக்கிறது. கடலூர் முதுநகரில் வலை பின்னுகிற முதியவர் ஒருவரை அருகிலிருந்து பார்த்தால் இது ஏன் பொருந்தாது என்று விளங்கும். கிழிந்த இடத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியில் சுற்றிய நைலான் நூலைக் கண்ணிக்குள் விட்டு, சுண்டி, முடிச்சை இறுக்கி, அடுத்த கண்ணிக்குப் போய்விடுகிறார். கண் வலையில் இல்லை, பேச்சும் நிற்பதில்லை, ஆனாலும் ஒரு கண்ணிகூட அளவு மாறுவதில்லை. அதே மனிதரைக் கபடிக் களத்தில் இறக்கினால் முதல் பிடியிலேயே சிக்கிவிடுவார். அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஃபிளைஷ்மன், மனித உடலின் திறமைகளை ஆய்வு செய்து வகைப்படுத்தியபோது, விரல்களின் நுட்பம், கையின் நுட்பம், கை நடுங்காமை, முழு உடலையும் ஒத்திசைத்து அசைப்பது ஆகியவற்றைத் தனித்தனித் திறமைகளாகவே பிரித்தார். ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றிலும் தேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை.

இந்த ஒரு சொல்லில் மட்டும் தமிழ் நமக்குப் பெரிதும் உதவுகிறது. ஐயா, உங்கள் பட்டியலில் உள்ள ‘கைத்திறன்’ பாதியைத்தான் சொல்கிறது. ‘சுறுசுறுப்பு’ மறுபாதியைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘லாவகம்’ இருக்கிறது. லாவகமாக முடிச்சை அவிழ்த்தான் என்போம். பிடிக்க வந்தவர்களிடமிருந்து லாவகமாக நழுவினான் என்றும் சொல்வோம். ஆட்டம் செய்கிற அதே கலவையை நம் பேச்சுவழக்கும் செய்துவைத்திருக்கும்போது, புதுச்சொல் தேட வேண்டியதில்லை.

அறிவுக்கு வருவோம். இன்டெலிஜென்ஸ் எண்ணைப் பத்தால் பெருக்கினால் நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) வந்துவிடும் என்று ஆட்டக்காரர்களிடையே ஒரு வழக்கு உண்டு. கணக்கே அதற்கு இடம் தரவில்லை. மூன்று பகடைகளின் திட்டவிலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு, ஏறத்தாழ 3. பத்தால் பெருக்கினால் 30. நுண்ணறிவுத் தேர்வுகளின் திட்டவிலக்கமோ பெரும்பாலும் 15 என்றே வைக்கப்படுகிறது. சராசரியிலிருந்து விலகும் தொலைவை வைத்து ஒப்பிட்டால், பகடையின் 18க்கு ஈடான நுண்ணறிவு ஈவு 138 அளவில்தான் வரும், 180 அல்ல. இதைவிட ஆழமான வேறுபாடு மற்றொன்று. சார்லஸ் ஸ்பியர்மன் 1904இல் காட்டியபடி, மனத்தின் வெவ்வேறு திறமைகள் ஒன்றோடொன்று இணைந்தே ஏறி இறங்குகின்றன. ஒரு பாடத்தில் சிறந்த மாணவர் மற்றப் பாடங்களிலும் சராசரிக்கு மேல் இருக்கும் வாய்ப்பு அதிகம். பகடையோ ஒவ்வொரு முறையும் புதிதாக விழுகிறது. அறிவில் 17 விழுந்தவருக்கு விஸ்டமில் 4 விழுவதை அது தடுப்பதில்லை, தடுக்கவும் கூடாது. மந்திர நூல்களைக் கரைத்துக் குடித்துவிட்டு வாசலில் நிற்கும் திருடனைக் கவனிக்காமல் போகும் பாத்திரம் அப்படித்தானே பிறக்கிறது. 1981இல் வந்த கால் ஆஃப் கதூலு என்ற ஆட்டம், அறிவுக்கும் கல்விக்கும் தனித்தனி எண் கொடுத்திருப்பது எனக்குப் பிடித்த தீர்வு. புதிதாகச் சிந்திக்கும் திறமையையும் சேர்த்துவைத்த அறிவையும் உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் பிரித்தது போன்ற பிரிப்பு அது. எனவே ‘நுண்ணறிவு’ என்ற பாடநூற் சொல்லை இங்கே தவிர்த்து, வெறும் ‘அறிவு’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

விஸ்டமுக்குப் ‘பட்டறிவு’ என்று காரைக்கால் நண்பர் பரிந்துரைத்தார். படிப்பறிவுக்கு எதிரிணையாக அது அழகாகவே நிற்கிறது. ஆயினும் பட்டு வருவது பட்டறிவு. வீட்டைவிட்டே கிளம்பாத பதினாறு வயதுப் பாத்திரத்துக்கு முதல் நாளிலேயே அதை உருட்டிக் கொடுப்பது முரண். ‘ஞானம்’ என்பதோ மிக உயரத்தில் இருக்கிறது. தொலைவில் வரும் காலடி ஓசையைக் கேட்பதையும் மிரண்ட குதிரையை அமைதிப்படுத்துவதையும் இந்த எண்தான் கவனித்துக்கொள்கிறது. ‘விவேகம்’ போதும் என்பது என் கருத்து. கான்ஸ்டிடியூஷனுக்கு ‘உடல்திடம்’ என்பதை யாரும் மறுக்கவில்லை.

இனி, ஆறுக்கும் பொதுவான பெயர். ‘திறன்’ என்ற சொல்லை நான் இங்கே விரும்பாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பள்ளி இயற்பியலில் அது வாட்டில் அளக்கப்படுவது. அதே நூல்களில் ஆற்றல் ஜூலில் அளக்கப்படுவது, எனவே நெய்வேலி அம்மாவின் திருத்தமும் அதே இடத்தில் முட்டுகிறது. இரண்டாவது காரணம் வலுவானது. பயின்று பெறும் ஸ்கில்லுக்குத் ‘திறன்’ என்ற பெயர் திறன் மேம்பாடு, திறன் பயிற்சி என்று அரசு வழக்கிலேயே நிலைத்துவிட்டது. ஆட்ட விதிகளில் ஏபிலிட்டி வேறு, ஸ்கில் வேறு. பூட்டுத் திறப்பது பயின்று பெற்ற திறன், அதன் அடியில் இருப்பது லாவகம். அடியில் இருப்பதற்கு ‘இயல்பு’ என்று பெயரிட்டால் இரண்டும் குழம்பாது.

ஸ்கோருக்குப் ‘புள்ளி’ என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தார். புள்ளி ஏறும், இறங்கும். அடிபடும்போது குறையும் ஹிட் பாயிண்டுக்கு ‘உயிர்ப்புள்ளி’ என்று நாம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் மாறாமல் நிற்கும் இந்த எண்ணுக்கு ‘எண்’ என்பதே தகும். பதிவு எண், வரிசை எண் என்று நாம் சொல்லும்போது அந்த எண் எதையும் அளந்ததாகக் கூறுவதில்லை. ஒருவருக்கு ஓர் இடத்தை ஒதுக்குகிறது. ஆகவே என் பரிந்துரை ‘இயல்பு எண்’. கணிதத்தின் ‘இயல் எண்’ அருகில் இருப்பதால், இரு சொற்களாகப் பிரித்து எழுதுவதையும், சேர்த்து ‘இயல்பெண்’ என்று எழுதாமலிருப்பதையும் விதியாக்கிக்கொள்ள வேண்டும்.

எண்ணிலிருந்து 10ஐக் கழித்துப் பாதியாக்கி, பின்னம் வந்தால் கீழுள்ள முழு எண்ணுக்கு இறக்கினால் வரும், பகடையோடு கூட்டப்படும் மாடிஃபயருக்கு ‘இயல்புத் திருத்தம்’ என்று வைக்கலாம். வெர்னியர் அளவியில் சுழித்திருத்தத்தை நேராகவும் எதிராகவும் கண்டுபழகிய மாணவர்களுக்கு, இந்தத் திருத்தமும் கூட்டலாகவோ கழித்தலாகவோ வரும் என்பதை விளக்க வேண்டியிருக்காது.

அகராதிப் பதிவுக்கு இந்த விளக்கத்தை முன்வைக்கிறேன்: ‘இயல்பு எண்: பாத்திரமேற்பு ஆட்டத்தில், ஒரு பாத்திரம் ஒரு வகைச் செயலில் வெற்றிபெறும் வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ அப்பாத்திரத்துக்கு வழங்கப்படும் எண்.’

கரிஸ்மா மட்டும் முடிவாகவில்லை. ‘கவர்ச்சி’ என்பது திரைப்படச் செய்திகளால் பொருள் சுருங்கிவிட்ட சொல். ‘ஆளுமை’ பெர்சனாலிட்டிக்குப் போய்விட்டது. ‘வசீகரம்’ முகத்தோற்றத்தை நோக்கிச் சாய்கிறது. கூட்டத்தைத் தன் சொல்லுக்குக் கட்டுப்பட வைக்கும் வலு என்ற பொருள் தரும் சொல், ஏலம் கூறுவோரிடமோ கூத்துக் கலைஞர்களிடமோ வழக்கில் இருந்தால், அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து